அரைக் கட்டை ஏற்றிய பாட்டு

1959, மே 14

வெயில் கொளுத்துகிறது. தொண்டைக்கு ஆகாது என்று மாம்பழத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பிரபோத் எனக்கு எதிரே உட்கார்ந்து, மணிக்கட்டு வரை சாறு ஒழுகத் தின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு வெயில் காலத்திலாவது இந்த மனிதர் மறைவாகத் தின்றிருக்கலாம்.

மாலை ரேடியோவில் நேயர் விருப்பம். அடுத்தடுத்து இரண்டு பாட்டு அந்தப் பெண்ணுடையது. கேதகி. போன வருஷம் வரை கல்கத்தாவில் யாருக்கும் தெரியாத பெயர். ஜாதவ்பூர் பக்கம் அகதிக் காலனியில் தகரக் கூரை வீடாம். கிழக்கு வங்காளத்துக்காரி. பேசினால் ஒவ்வொரு சொல்லும் படகை விட்டு இப்போதுதான் இறங்கியது போல ஆடும் என்று ஸ்டுடியோவில் சிரிக்கிறார்கள். ஆனால் பாடும்போது? அதுதான் வயிற்றெரிச்சல். பாடும்போது ஒரு சொல்கூட ஆடுவதில்லை.

"நல்லா இருக்கே, யாரு இது?" என்று கேட்டார் பிரபோத்.

தெரியாது என்று சொல்லி ரேடியோவை அணைத்தேன். அடுத்த பாட்டு என்னுடையதாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

மே 15

வேலைக்காரி மொக்ஷதா பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவளுடைய பாட்டைப் பாடுகிறாள். என் முற்றத்தில் உட்கார்ந்து, என் வீட்டுச் சாம்பலை வைத்துத் தேய்த்துக்கொண்டு.

மே 29

ஹிரண்தா போன் செய்தார். என் முதல் சினிமாப் பாட்டு அவர் மெட்டில்தான். அன்றிலிருந்து அவர் இசையமைக்கும் படங்களில் கதாநாயகி அனுலேகா வாய் திறந்தால் என் குரல்தான் வரும். ஒரு நடிகைக்கு ஒரு குரல் என்பது இங்கே எல்லாரும் மதிக்கிற வழக்கம். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அனுலேகாவுக்குப் புதுப்படம், ஹிமானி. பாட்டு நாலு. ஒரு டூயட்ல நீ இருக்கே."

"மிச்சம் மூணு?"

இருமினார். அவருக்குச் சளியே பிடிக்காது.

"கேதகிதான் வேணும்னு அனுலேகாவே கேட்டுச்சு. அந்தக் குரல்ல முகம் இளசாத் தெரியுதாம்."

"என்னைவிட அவளுக்கு ரெண்டு வயசுதான் கம்மி, ஹிரண்தா."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். டிக்கெட் வாங்குறவனுக்குத் தெரியுமா?"

"டூயட்ல நான் யாருக்குப் பாடுறேன்?"

"அண்ணிக்கு." மறுபடி இருமினார். "விதவை அண்ணி. ஆனா நல்ல வேஷம்மா."

அனுலேகா காதலித்தாள், நான் பாடினேன். அவள் அழுதாள், நான் பாடினேன். இப்போது அவள் இளமையாகவே இருக்கப் போகிறாள், நான் விதவையாகிவிட்டேன். பிரபோத்திடம் இதைச் சொன்னேன்.

"நான் இன்னும் சாகலையே" என்றார்.

ஜூன் 9

ஹிரண்தா வீட்டில் முதல் ஒத்திகை. இன்றுதான் அவளை நேரில் பார்த்தேன். ஒல்லி. துவைத்துத் துவைத்து வெளுத்த பருத்திப் புடவை. தலையில் எண்ணெய் வழிந்தது. உள்ளே வந்ததும் குனிந்து என் காலைத் தொட்டாள். "ஹிமானிதி, ஆசீர்வாதம் பண்ணுங்க." அக்காவாம்! நல்லவேளை, சித்தி என்று கூப்பிடவில்லை.

ஆற்றங்கரைப் பாட்டு. நாத்தனாரும் அண்ணியும் அக்கரைக்குப் போன படகுக்காகக் காத்திருக்கிறார்கள். முதல் சரணம் எனக்கு, இரண்டாவது அவளுக்கு. 'கரையே, நீயே நகர்ந்து வா' என்ற கடைசி வரியை இருவரும் ஒரே நேரத்தில் பாட வேண்டும். நான் மேல் ஸ்வரத்தில், அவள் கீழே. மேலும் கீழும் சேர்ந்தால்தான் அந்த வரி நிறையும் என்றார் ஹிரண்தா. மெட்டு அருமை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

டூயட் என்றால் சுருதி எத்தனை கட்டை என்று மூத்தவரைத்தான் கேட்பார்கள். ஹிரண்தா கேட்டார். ஐந்து கட்டை எனக்கு வசதி. அவளுக்கும் வசதிதான். ஆனால் அவளுடைய சரணம் மேலே ஏறி அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் அவள் குரல் லேசாக மெலிவதை என் காது பிடித்துவிட்டது. அரைக் கட்டை ஏற்றினால் போதும், உடையும்.

"அஞ்சரை" என்றேன்.

"அஞ்சரையா? கடைசி வரியில உனக்கே எட்டாத உசரமாயிடுமே."

"எனக்கா?" என்று சிரித்தேன்.

கேதகி நிமிர்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

ஜூன் 10

அரைக் கட்டைதானே. யார் குடி முழுகிவிடும்?

ஜூன் 24

உடைந்தது. இரண்டாவது சரணத்தில், நான் நினைத்த அதே இடத்தில். ஹிரண்தா ஹார்மோனியத்தை அறைந்து மூடினார். "காலனியில கூட்டத்தைக் கூப்பிடுற மாதிரி கத்துறே. பாடு!" என்று எரிந்து விழுந்தார். அவள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினாள். மறுபடி உடைந்தது.

வீட்டுக்கு வந்து பூரி பொரிக்கச் சொன்னேன். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார் பிரபோத். பசி என்றேன். என்றைக்கும் இல்லாத பசி.

ஜூலை 1

அவள் உடைவதில்லை இப்போது. இன்று ஒத்திகையில் அந்தச் சரணத்தை, மாடிப்படி ஏறுவது போல, மூச்சு வாங்காமல் பாடிவிட்டாள். எப்படி? வீட்டில் இடமில்லை, அக்கம்பக்கம் திட்டுகிறார்கள் என்று தண்டவாளத்தின் ஓரம் போய் நின்று பழகுகிறாளாம். ஹிரண்தா இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை! என்னைப் பற்றி யாரிடமாவது அப்படிச் சொல்லியிருப்பாரா?

கடைசி வரியின் மேல் ஸ்வரம் எனக்கு இன்று இரண்டு தடவை வழுக்கியது. யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாளோ?

நானும் பழகுகிறேன். காலை, பகல், மாலை. பிரபோத் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 8

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் ரிக்கார்டிங். ஒரே மைக். எதிரே வயலின்காரர்கள், பக்கத்தில் தபேலா, புல்லாங்குழல். எல்லாம் ஒன்றாக, ஒரே மூச்சில். ஒருவர் தவறினால் முதலிலிருந்து எல்லாரும். இருவர் ஒரு மைக்கில் பாடினால் பெரிய குரல் ஒரு முழம் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். அதுதான் முறை. என் குரல் பெரிது. இத்தனை வருஷமாக யாரோடு பாடினாலும் நான்தான் பின்னால் தள்ளி நின்றிருக்கிறேன்.

இன்று நிற்கவில்லை. மைக்கோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒலிப்பதிவு செய்யும் கோகன்தா கண்ணாடி அறைக்குள்ளிருந்து, "ஹிமானிதி, கொஞ்சம் பின்னாடி" என்றார். கால் கட்டைவிரலை மட்டும் நகர்த்தினேன். அவள் தோள் என் தோளில் இடித்தது. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் டேக் வயலினில் போனது. அடுத்தது தபேலாவில். மூன்றாவதில் வெளியே ஏதோ லாரி. ஒவ்வொரு முறையும் நான் முழுக் குரலில் பாடினேன். அவளை அமுக்க வேண்டும் என்று பாடினேன். நான்காவது டேக்கில் கடைசி வரி வந்தது. வாயைத் திறந்தேன்.

காற்று. வெறும் காற்று.

ஆனால் ஸ்வரம் கேட்டது. அந்த உயரத்தில், ஆடாமல், அசங்காமல். ஒரு கணம் என்னுடையது என்றே நினைத்தேன். முடிக்கிற இடத்தில் நான் எப்போதும் ஒரு சிறு நடுக்கம் கொடுப்பேன் — அதுகூட இருந்தது. அவள் பாடிக்கொண்டிருந்தாள். தன் கீழ் வரியை விட்டுவிட்டு, என் வரியை, என் மாதிரியே. என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறந்தபடியே நின்றேன்.

கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் எங்கள் முதுகுதான் தெரியும். வாத்தியக்காரர்கள் தங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹிரண்தா அந்த அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஹிமானி! எங்கே வச்சிருந்தே இதை? பழைய ஹிமானி வந்துட்டா!" பிறகு அவளிடம் திரும்பினார். "நீ எங்க போனே? கீழ் வரியையே காணோம். தூங்கிட்டியா?"

"மறந்துட்டேன், ஹிரண்தா."

"மறந்துட்டாளாம்! பெரியவங்க இப்படிப் பாடுறாங்க, இவ மறந்துட்டாளாம்!" தலையில் அடித்துக்கொண்டார். "போகட்டும். கீழ் வரி இல்லாமலே இருக்கட்டும். மேல் ஸ்வரம் இப்படித் திரும்பக் கிடைக்காது. இதுதான் டேக்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்று எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குக் குரல் இல்லை. குரல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது.

தெரியும்.

ஜூலை 9

அவள் என்னைக் காப்பாற்றினாளா, என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாளா?

டாக்டர் ஒரு வாரம் பேசக்கூடாது என்றார். பிரபோத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

செப்டம்பர் 6

படம் ஓடுகிறது. பாட்டு அதைவிட ஓடுகிறது. துர்கா பூஜை நெருங்கும் நேரம், ரிக்கார்டுக் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பிரபோத் ஒன்று வாங்கி வந்துவிட்டார். என் ரிக்கார்டை அவர் காசு கொடுத்து வாங்கியது இதுதான் முதல் தடவை.

சாய்வு நாற்காலியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசி வரி வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப நீ பாடினியே, அந்தக் குரல். போயிடுச்சுன்னு நினைச்சேன். சொல்லல, நீ வருத்தப்படுவேன்னு."

மறுபடி ஊசியைக் கடைசி வரியில் வைத்தார். மறுபடி. மறுபடி.

சமையலறைக்குப் போய் அழுதேன். எனக்குப் பொறாமை தெரியும். பெயர் கிடைக்காதபோது வரும், பாட்டுக் கிடைக்காதபோது வரும். என் பெயர் போட்ட ஒரு ஸ்வரத்தின் மேலேயே எனக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் புருஷன் என் பெயரைச் சொல்லி அவள் குரலைக் கொஞ்சுகிறார். நான் காபி கலந்து கொடுக்கிறேன்.

செப்டம்பர் 7

காபி இல்லை, தேநீர். இந்த வீட்டில் காபியே கிடையாது. நேற்று என்ன எழுதினேன் என்றுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 10, அஷ்டமி

பட்டினியோடு பந்தலுக்குப் போய்க் கையில் பூவோடு நின்றேன். பூசாரியின் மந்திரத்தை மீறி அடுத்த தெருப் பந்தலின் ஒலிபெருக்கி: கரையே, நீயே நகர்ந்து வா. தேவியின் முன்னாலும் விடமாட்டாளா இவள்? தாயே, எனக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க வந்தவள், அந்த வயரை யாராவது பிடுங்கினால் போதும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தக் கடைசி வரியை ஒரு தடவை பாடுங்களேன், ஹிமானிதி!" தொண்டை சரியில்லை என்றேன். அது பொய்யும் இல்லை.

பூஜை நடத்தும் மன்றத்துச் செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். பூஜை முடிந்ததும் வழக்கமாக நடக்கும் விஜயா விழாவில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நானும் கேதகியும் மேடையில் அந்தப் பாட்டைப் பாட வேண்டுமாம். அவளிடம் ஏற்கெனவே கேட்டாயிற்றாம். நோட்டீஸும் அடித்தாயிற்றாம்.

மேடையில் எல்லார் கண்ணும் வாயின் மேல் இருக்கும்.

அக்டோபர் 13

தேவியை ஆற்றில் கரைத்தாயிற்று. இனி நாலு நாளைக்கு யார் வந்தாலும் பெரியவர் காலில் விழுவார்கள், இனிப்பு தின்பார்கள், பழைய மனத்தாங்கலை மறந்துவிட்டதாகப் பாவனை செய்வார்கள். அவளும் வந்தாள். காலைத் தொட்டாள். வெண்கலக் கிண்ணத்தில் தேங்காய் உருண்டை. அவள் அம்மா செய்ததாம். பிரபோத் வெளியே போயிருந்தார்.

"விழா பத்திப் பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். "அங்கயும் ஒரே மைக்குதானாம். நான் உங்க பக்கத்துலயே ஒட்டி நிக்கிறேன். கடைசி வரியில நீங்க வாயை மட்டும் திறங்க. அன்னைக்கு மாதிரியே நான் பாத்துக்கிறேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"உன் தயவு எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போ, இந்த உருண்டையையும்."

"தயவா?" கிண்ணத்தை டொக்கென்று மேஜையில் வைத்தாள். "அரைக் கட்டை எதுக்கு ஏத்துனீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா, ஹிமானிதி? அந்த நாலாவது டேக்கோட என் தொண்டை முடிஞ்சுபோச்சு. அஞ்சாவது எடுத்திருந்தா என் சரணத்துல நான் மாட்டியிருப்பேன். அந்த டேக் போயிடக் கூடாதுன்னுதான் உங்க ஸ்வரத்தை எட்டிப் புடிச்சேன். உங்களுக்காக ஒண்ணும் இல்ல."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன் கடைசியில்.

"சொன்னா நம்புவாங்களா? ஹிமானி சன்யாலோட ஸ்வரம் என்னோடதுன்னு ஒரு காலனிக்காரி சொன்னா?" அவள் மூக்கு சிவந்துவிட்டது. "எங்க பந்தல்லயும் அந்தப் பாட்டுதான். எங்கம்மா என்னைக் கூப்பிட்டு, 'கேளுடி, கடைசியில எப்படித் தூக்குறாங்க பாரு. நீயும் அப்படிப் பாடக் கத்துக்கோ'ன்றா. எங்கம்மா! எனக்கு எரியுமா, எரியாதா?"

"எரியும்" என்றேன்.

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவள் முறைத்தாள். "என் வீட்டுக்காரர் தினம் அந்த இடத்துல ஊசியை வச்சுக் கேக்கறார்" என்று சொன்னேன். "பொண்ணு பாக்க வந்தப்ப கேட்ட குரலாம்." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் சிரித்தாள்.

உருண்டையில் வெல்லம் கொஞ்சம் தூக்கல். கிண்ணம் காலியாகும் வரை தின்றேன்.

அவளுக்கு என்மேல் பொறாமை! எத்தனை மாதத்துக்கு அப்புறம் இன்று நன்றாகத் தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 16

இன்று தனியாக இருந்தபோது அந்த மேல் ஸ்வரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து கட்டையில் வருகிறது. ஐந்தரையில் வரவில்லை. ஐந்தில் பாடலாம் என்றால் அவளும் சரி என்பாள். ஊருக்கும் அரைக் கட்டை தெரியாது. என் பெயர் என்னிடமே இருக்கும்.

பிரபோத் விழாவுக்கென்று வேட்டியைச் சலவைக்குப் போட்டிருக்கிறார்.

அக்டோபர் 18, ஞாயிறு

பூங்காவில் பந்தல் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் பிரபோத், சலவை வேட்டியில். பின்னால் ஓரமாக, முக்காடு போட்ட ஓர் ஒல்லி அம்மா. முகத்தைப் பார்த்ததுமே யாருடைய அம்மா என்று தெரிந்துவிட்டது.

ஹார்மோனியக்காரர் என்னிடம் குனிந்து, "எத்தனை கட்டை?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஐந்தும் சம்மதம், ஐந்தரையும் சம்மதம். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சரை" என்றேன்.

என் சரணம் நன்றாக வந்தது. அவள் சரணம், சொல்லத்தான் வேண்டும், என்னுடையதைவிட நன்றாக வந்தது. கடைசி வரிக்கு முன்னால் புல்லாங்குழல் தனியாக வரும் இடம். அவள் வாக்குக் கொடுத்தபடி என்னோடு ஒட்டிக்கொள்ள நகர்ந்தாள். நான் மைக்கை விட்டு ஒரு முழம் பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கீழ் வரியைப் பிடித்துவிட்டேன். அவளுக்கு வேறு வழியில்லை. மேலே போனாள்.

தனியாக, எல்லாரும் பார்க்க, அவள் வாயிலிருந்து.

நான் கீழேயே நின்றேன். கீழ் வரி எளிதில்லை, இப்போதுதான் தெரிகிறது. மேலே இருப்பவள் விழாமல் இருக்க அது ஆடாமல் இருக்க வேண்டும். ஆடாமல் பாடினேன்.

கைதட்டல் மொத்தமும் அவள் பக்கம் போனது. பின்னால் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாள், முக்காடு நழுவியது தெரியாமல். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எரிந்ததா? எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது பிரபோத் எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் சாவியைத் தேடிக்கொண்டே, "ரிக்கார்டுல கீழ ஒரு வரி இல்லியே?" என்றார்.

"இல்ல."

"ஏன்?"

"அன்னைக்கு அதைப் பாட வேண்டியவ மேல போயிட்டா. என்னால போக முடியல."

அவர் கை பூட்டின் மேலேயே நின்றது. இனி அந்த ரிக்கார்டைத் தொட மாட்டார் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு அது நல்லா இருந்துச்சு" என்றார்.

"எது? மேல் ஸ்வரமா?"

"கீழ இருந்தது."

அக்டோபர் 21

ஹிரண்தா போன். அனுலேகாவுக்கு அடுத்த படம். பாட்டு ஆறு. கேதகிக்கு நாலு, எனக்கு இரண்டு. வயிறு எரிந்தது, போனைப் பிடித்திருந்த கைவரைக்கும். சுருதி எத்தனை கட்டை வைக்கலாம் என்று கேட்டார். அவளையும் கேளுங்கள் என்றேன். "உடம்பு சரியா இருக்கா?" என்றார்.

காலையில் பிரபோத் சவரம் செய்துகொண்டே ரிக்கார்டைப் போட்டிருந்தார். நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரி வந்தது. மேலே அவள். அதோடு, ரிக்கார்டில் இல்லாத ஒரு குரல் கீழே சேர்ந்துகொண்டது. முகமெல்லாம் சோப்பு நுரையோடு, கண்ணாடியைப் பார்த்தபடி, பிரபோத் கீழ் வரியைப் பாடிக்கொண்டிருந்தார்.

சுருதி சேரவே இல்லை. நான் திருத்தவில்லை.